குரல் முன்னே, கை பின்னே

வீட்டுப் புறவாசலில் நாலைந்து கோழிகள் மேய்வது நம் குடும்பங்களுக்குப் புதிய காட்சி அன்று. முட்டைக்கென்றும், விருந்தினர் வருகைக்கென்றும், திருநாள் சமையலுக்கென்றும் அவற்றை வளர்த்துப் பழகியவர்கள் நாம். அண்மைக் காலமாகவோ, கறியையும் முட்டையையும் எண்ணாது, கண்ணுக்கினிய தோற்றத்துக்காகவே கோழி வளர்க்கும் வழக்கம் நம் ஊர்களில் பரவி வருகிறது. அவ்வகையில் சிறுவர் மனத்தை முதற்பார்வையிலேயே கவர்ந்துவிடுவது கொண்டைக் கோழி. எங்கள் இல்லத்திலும் அத்தகைய கோழி ஒன்று சில ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறது. அதன் இயல்பையும், அதைப் பேணும் முறையையும், அதனிடம் நாங்கள் கற்றதையும் வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

கொண்டை என்று நாம் இங்கே சொல்வது, எல்லாக் கோழிகளின் தலையிலும் சிவந்து நிற்கும் சதைப்பற்றான கொண்டைப்பூவை அன்று. தலை உச்சியிலிருந்து கொத்தாக எழுந்து நாற்புறமும் கவிந்து நிற்கும் இறகுகளையே சொல்கிறோம். நம் நாட்டுக் கோழிகளிலும் கொண்டைக் கோழி உண்டு. அதன் தலையில் ஒரு சிறு குடுமி இருக்கும்; அவ்வளவே. வளர்ப்புப் பறவைக் கடைகளில் ‘போலிஷ் கேப்’ என்ற பெயரில் விற்கப்படும் அயல்நாட்டு இனத்துக்கோ, தலையே தெரியாத அளவுக்கு இறகு மண்டியிருக்கும். பெட்டைக்கு அது உருண்டையான பூப்பந்து போல அமையும். சேவலுக்கு நீண்டு மெலிந்து பிடரி மயிர்போலத் தொங்கும். இந்த இனத்தின் கொண்டைப்பூ மிகச் சிறியது. இரண்டு சிறு கொம்புகளைப் போலப் பிளந்து, இறகுகளுக்கு முன்னே ஒதுங்கி நிற்கும்.

பெயரைக் கேட்டு, இது போலந்து நாட்டிலிருந்து வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. இந்த இனம் இன்றைய வடிவத்தை அடைந்தது பெரிதும் நெதர்லாந்து நாட்டிலே என்பர். பதினேழாம் நூற்றாண்டில் அந்நாட்டில் வாழ்ந்த மெல்கியோர் தொந்தேகூத்தர் என்னும் ஓவியர், செல்வர் வீட்டுத் தோட்டங்களில் உலவிய பறவைகளை வரைவதில் பெயர் பெற்றவர். அவருடைய ஓவியங்களில் கொண்டைக் கோழிகளைக் காணலாம். அதற்கும் முன்னரே, இத்தாலி நாட்டு அறிஞர் உலிசே அல்ட்ரோவாந்தி, 1600ஆம் ஆண்டு வெளிவந்த தம் பறவை நூலில், கொண்டையுள்ள பாதுவா நகரத்துக் கோழிகளை விவரித்திருக்கிறார். ஆகவே, மனிதர் இந்த அழகைத் தேர்ந்தெடுத்து வளர்க்கத் தொடங்கி நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன.

இந்த அழகு தோலோடு நின்றுவிடுவதில்லை. கொண்டையின் அடியில், மண்டையோடே மேல்நோக்கிப் புடைத்து ஒரு குமிழ்போல எழுந்திருக்கிறது. 1868ஆம் ஆண்டு வெளிவந்த, வீட்டு விலங்குகளின் மாறுபாடுகள் பற்றிய நூலில், சார்லஸ் டார்வின் இந்த மண்டையோடுகளை ஆராய்ந்து எழுதியுள்ளார். அந்தக் குமிழின் எலும்பு முழுவதும் மூடாமல், ஆங்காங்கே துளைகளோடு இருப்பதும் உண்டு. முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே குஞ்சின் தலையில் அந்தப் புடைப்பைக் காணலாம். தலையிற் பஞ்சுருண்டை ஒன்றை ஒட்டிவைத்தாற்போல் இருக்கும். அவ்விடம் மென்மையானது. வேறொரு கோழி அங்கே ஓங்கிக் கொத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். உடலின் நடுப்பகுதித் தோலில் இயங்க வேண்டிய மரபணு ஒன்று இவற்றின் தலைத்தோலிலும் இயங்குவதே கொண்டையோடு தொடர்புடையது என்று 2012ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

இனி, இந்தக் கொண்டை கண்ணுக்குச் செய்வதைப் பார்ப்போம். கோழி பார்வையைக் கொண்டே வாழும் பறவை. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 300 பாகை அளவுக்குச் சுற்றிலும் காண வல்லது. வானத்தில் வட்டமிடும் பருந்தையும், வேலியோரம் பதுங்கும் கீரியையும் அது காண்பது இந்த ஆற்றலால்தான். கொண்டை மிகுந்த கோழிக்கோ மேற்பக்கமும் இரு பக்கங்களும் இறகால் மறைந்துபோகின்றன. காலடி மண்ணும், அலகுக்கு முன்னுள்ள சிறிது இடமுமே அதன் உலகம்.

2021ஆம் ஆண்டில், கோவையில் பணியாற்றும் எங்கள் உறவினர் ஒருவர் மூன்று மாத வயதுடைய இரண்டு பெட்டைகளைக் கொண்டுவந்து எங்கள் இளைய மகளுக்குக் கொடுத்தார். கரிய உடலும் வெண்கொண்டையுமாக இருந்த ஒன்றுக்கு அவள் ‘தொப்பி’ என்று பெயரிட்டாள். முழுதும் வெண்மையாக இருந்ததற்குப் ‘பஞ்சு’ என்று பெயர். தாமிரபரணிக் கரையை அடுத்த எங்கள் சிற்றூரில் அப்படிப்பட்ட கோழிகளை அதுவரை யாரும் கண்டதில்லை. ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் எங்கள் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

பார்த்தவர்கள் பலரும் ஒரே தீர்ப்பைக் கூறினர்: “அழகான கோழி, ஆனால் மந்தமான கோழி.” அத்தீர்ப்புக்குக் காரணமும் இருந்தது. தீனி தூவினால் நாட்டுக் கோழிகள் ஓடிவந்து பொறுக்கும். இவை இரண்டும் எதிர்த்திசையில் நின்று வெறும் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். யாரேனும் பக்கவாட்டில் வந்து தொட்டால், கூக்குரலிட்டு எழும்பிச் சுவரில் மோதிக்கொள்ளும். மடியில் எடுத்து வைத்துக்கொண்டாலோ, சிறிது நேரத்தில் அமைதியடைந்து கண்ணயர்ந்துவிடும். ஒரு நாழிகைக்குள்ளே மிரட்சியும் சாந்தமும் மாறி மாறி வருவதைக் கண்டு, “இதற்குப் பித்து” என்றும் சிலர் சொன்னார்கள்.

அந்தக் கோழிகளை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர் எங்கள் ஆச்சியே. ஆச்சிக்குக் கண் அழுத்த நோய் உண்டு. அந்நோய் பெரும்பாலும் பக்கப் பார்வையை முதலில் கவர்ந்துகொள்ளும். நேரே உள்ளது மட்டும் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத் தெரியும். பக்கத்தில் யாராவது திடீரென்று வந்து நின்றால் ஆச்சி திடுக்கிடுவார். கையிலிருக்கும் காப்பித் தம்ளர் சிந்தும். ஒருநாள் மகள் தொப்பியைப் பின்புறமாகப் போய்ப் பிடிக்க முயன்று, அது அலறி ஓடியபோது, திண்ணையில் இருந்த ஆச்சி சொன்னார்: “ஏட்டி, அதுக்கு என்னை மாதிரிதான். மொதல்ல சத்தங் குடு; பெறகு தொடு.”

அன்றிலிருந்து அதுவே எங்கள் வீட்டு முறையாயிற்று. ‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே’ என்பார்கள். கோழியை நெருங்கும்போதும் அப்படியே எங்கள் குரல் முன்னே சென்றது. தீனி வைக்கும்போது கிண்ணத்தை இரண்டு முறை தட்டுவோம். கையை மேலிருந்து நீட்டாமல், தாழ்வாக, முன்பக்கமாகக் காட்டுவோம். மேலிருந்து வரும் நிழல் கோழிக்குப் பருந்தின் நிழலே. இரண்டு வாரத்துக்குள் கோழிகள் மாறிவிட்டன. மகளின் குரல் கேட்ட திசைக்குத் தலையைச் சாய்த்து நிற்கும். பிறகு தாமே வந்து மடியில் ஏறும். மந்தம் என்று கருதப்பட்டது மந்தம் அன்று. மிரட்சி என்று கருதப்பட்டது கெட்ட குணமும் அன்று. பார்க்க முடியாத ஓர் உயிர் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த முயற்சியே அது.

ஆயினும் குரல் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதவில்லை. அந்த ஆண்டின் இறுதியில், ஒரு மாலைப் பொழுதில், மதிலின்மேல் இருந்து பாய்ந்த பூனை ஒன்று பஞ்சுவின் கழுத்தைக் கவ்விவிட்டது. நாட்டுக் கோழிகள் மூன்றும் பூனை மதிலில் ஏறியபோதே கண்டு, எச்சரிக்கைக் குரல் எழுப்பிக் கறிவேப்பிலைச் செடியின் அடியில் ஒடுங்கிவிட்டன. பஞ்சு தலையை நிமிர்த்தியும் ஒன்றும் காணாமல் அங்கேயே நின்றது. ஓடிச்சென்று விடுவித்தோம், இரவைக் கடக்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் தொப்பிக்கும் சோதனை வந்தது. விடாது பெய்த மழையால் கோழிகள் எல்லாம் நான்கு நாட்கள் கூட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தன. கொண்டை நனைந்து கண்ணின்மேல் ஒட்டிக் கிடந்ததால், தொப்பிக்கு ஒன்றும் தெரியவில்லை. உதிர்ந்த இடத்தில் புதிய இறகுகள் முளைக்கும் காலமும் அதுவே. முளைக்கும் இறகின் காம்பில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அது கொத்துப்பட்டால் உடனே குருதி கசியும். சிவப்பைக் கண்டால் கோழிகள் கொத்துவதை நிறுத்துவதில்லை. ஐந்தாம் நாள் காலையில் கூட்டைத் திறந்தபோது, வெண்கொண்டை முழுவதும் சிவந்து, ஒரு பக்கத்து இறகுகள் பறிபோய், தொப்பி மூலையில் தலையைப் புதைத்து நின்றது.

உடனே அதைத் தனியே பிரித்து, ஆறிய வெந்நீரில் சிறிது உப்பிட்டுக் காயத்தைக் கழுவி, மஞ்சள் தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவினோம். கால்நடை மருத்துவரிடமும் கொண்டுசென்று காட்டினோம். எலும்பு சேதமடையவில்லை என்று கூறி அவர் மருந்து கொடுத்தார். புதிய இறகு முழுதும் முதிரும்வரை மற்றக் கோழிகளோடு சேர்க்க வேண்டாம் என்றும், கண்ணை மறைக்கும் இறகுகளைக் கத்தரித்துவிடுவது நலம் என்றும் சொன்னார்.

வீட்டில் அன்று இரு வேறு பேச்சுகள் எழுந்தன. வந்திருந்த உறவினர்கள், “இதற்கு இத்தனை பாடா? கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, குழம்புக்கு ஆகட்டும்” என்றனர். கோழி வளர்ப்போர் வீட்டில் இது கொடுஞ்சொல் அன்று, நடைமுறைப் பேச்சே. மகள் அதற்கு அழவில்லை. அவ்வாறு நடக்க நாங்கள் விடமாட்டோம் என்பது அவளுக்குத் தெரியும். அவள் அழுதது மருத்துவரின் இரண்டாம் சொல்லுக்கே. “கொண்டையை வெட்டினால் அது தொப்பியே இல்லை” என்றாள். பத்து வயதுக் குழந்தையின் அந்தச் சொல்லுக்கு உடனே மறுமொழி கூற எங்களால் இயலவில்லை. அவள் அந்தக் கோழியை விரும்பத் தொடங்கியதே அந்தக் கொண்டையால் அல்லவா? அந்த அழகுக்காகவே நானூறு ஆண்டுகளாகப் பெரியவர்களும் அதை வளர்த்து வந்திருக்கிறார்கள்.

ஆச்சிதான் அவளை அருகில் அமர்த்திக்கொண்டார். தம் முந்தானையால் அவள் தலையை மூடி, நெற்றிக்குக் கீழே சிறிது இடைவெளி மட்டும் விட்டு, “இப்படியே கெணத்தடி வரை போயிட்டு வா” என்றார். அவள் இரண்டு முறை துவைகல்லில் இடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அதன்பின் ஒன்றும் பேசவில்லை. காயம் ஆறி, இறகு முதிர்ந்தபின், ஒரு சனிக்கிழமை மாலையில் அவளே கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள்.

வெட்டியபின் தொப்பியைத் தரையில் விட்டோம். சிறிது நேரம் அசையாது நின்றது. பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, முருங்கை மரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. ஒரு தும்பி பறந்து சென்றதை நோக்கித் திரும்பிற்று. கிணற்றடியில் நின்ற மகளை, அவள் குரல் கொடுக்காமலே கண்டு, முற்றத்தின் குறுக்கே நேராக ஓடிவந்தது. அப்படி அது ஓடிவந்ததை அதுவரை நாங்கள் கண்டதில்லை. தலை அரைகுறையாகக் கத்தரிக்கப்பட்ட அந்தக் கோழியை அள்ளி எடுத்த மகள், “என்னைப் பார்த்துவிட்டது” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இவ்வகைக் கோழி வளர்ப்போர்க்குப் பயன்படும் சில குறிப்புகளை இங்கே தருகிறோம்.

கண்ணைச் சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரிக்க முனை மழுங்கிய கத்தரிக்கோலே ஏற்றது. ஒருவர் கோழியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள, மற்றவர் வெட்ட வேண்டும். காம்பு வெளுத்து உலர்ந்த இறகை மட்டுமே வெட்டலாம். காம்பில் இரத்தம் ஓடும் இளம் இறகைத் தொடலாகாது. வெட்டிய இறகு உடனே வளராது. கோழி இறகு உதிர்க்கும் பருவத்திலேதான் புதியது முளைக்கும். ஆகவே, ஆண்டுக்கு ஒருமுறையேனும் இப்பணி திரும்ப வரும். வெட்ட மனமில்லாதோர் மெல்லிய இரப்பர் வளையத்தால் இறகை மேலே கட்டி வைப்பதுண்டு. அதை நாள்தோறும் தளர்த்திக் கட்ட வேண்டும்.

தண்ணீர்க் கலம் அலகு மட்டும் நுழையும் அளவுக்கு வாய் குறுகியதாக இருக்கட்டும். அகன்ற சட்டியில் குடித்தால் கொண்டை நனைந்து, அழுக்கேறி, கண்ணில் புண் உண்டாகும். மழை நாளில் இவற்றை வெளியே விடாமல், ஒழுகாத கூரையின் கீழ் வைக்க வேண்டும். கூடு நெருக்கமாக இருத்தல் ஆகாது. நனைந்துவிட்டால் உடனே துணியால் துடைத்து உலர்த்துக.

கொண்டைக்குள் பேனும் செள்ளும் எளிதில் குடியேறும். வாரம் ஒருமுறை இறகைப் பிரித்து அடிக்காம்பைப் பாருங்கள். உலர்ந்த மணலும் சாம்பலும் கலந்து ஒரு மூலையில் குவித்து வைத்தால், கோழி தானே அதில் புரண்டு குளிக்கும். கண்ணுக்குள் பொடி விழாதவாறு வசம்புத் தூளைச் சிறிது தேய்ப்பது நம் முன்னோர் கண்ட முறை.

இரவில் அமரும் கட்டை தாழ்வாக இருப்பது நன்று; கலங்களின் இடத்தை அடிக்கடி மாற்றலாகாது. இவ்வினப் பெட்டைகள் வெள்ளை முட்டை இடும்; ஆனால் அடை காக்கும் இயல்பு அவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை. குஞ்சு வேண்டுமாயின், நாட்டு அடைக்கோழி ஒன்றின் கீழ் முட்டையை வைத்து 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் இராணிகேத் நோய்க்கு, குஞ்சின் முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் தடுப்பூசியும் போட வேண்டும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகுக. கொண்டைக் கோழி ஒன்றை மட்டும் முரட்டுக் கோழிகளிடையே விடாமல், சாந்தமான துணையோடு வளர்ப்பது சிறந்தது.

வாங்கச் செல்வோர்க்கும் ஒரு வேண்டுகோள். கடையில் மிகப் பெரிய கொண்டைக்கே அதிக விலை சொல்வார்கள். வாங்குவோர் அதையே நாடினால், வளர்ப்போரும் மேலும் மேலும் பெரிய கொண்டைக்காகவே சேவலையும் பெட்டையையும் தேர்ந்தெடுப்பர். கண் மேலும் மறையும். ஆகையால், கோழியை முன்பக்கமிருந்து பாருங்கள். அதன் இரு கண்களும் உங்களுக்குத் தெரிகின்றனவா என்று நோக்குங்கள். உங்கள் கண்ணுக்கு அதன் கண் தெரியாவிட்டால், அதன் கண்ணுக்கும் உங்களைத் தெரியாது. நம் நாட்டுக் கொண்டைக் கோழியின் சிறு குடுமியும் அழகுதான். அது பார்வையைப் பெரிதும் மறைப்பதில்லை.

தொப்பி இப்போது முதிர்ந்த பெட்டை. முட்டை இடுவது குறைந்துவிட்டது. ஆண்டுதோறும் இறகு உதிர்த்து, புதுக்கொண்டை முளைத்து, சில வாரங்கள் பழைய அழகோடு உலவும். இறகு முதிர்ந்ததும் மகள் கத்தரிக்கோலை எடுத்துவிடுவாள்; யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆச்சியின் அறைக்குள் செல்லும்போதும் எங்கள் பிள்ளைகள் வாசலிலேயே, “ஆச்சி, நான்தான் வாரேன்” என்று குரல் கொடுத்துவிட்டே நுழைகிறார்கள். அதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெற்றோர்களே, உங்கள் குழந்தை கொண்டைக் கோழி வேண்டும் என்று கேட்டால் மறுக்க வேண்டாம். அது அன்புக்கு இணங்கும் சாதுவான பறவை. வாங்கித் தருமுன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: கண் தெரிவதற்காக அந்த அழகைக் கத்தரிக்க உனக்குச் சம்மதமா? குழந்தை சற்று யோசித்துவிட்டுச் சம்மதம் என்று சொன்னால், தாராளமாக வாங்கிக் கொடுங்கள்.